பூட்டுக்கு ஒரு மருந்துச் சீட்டு

கைரவான்
4 அக்டோபர் 2004

என் அன்பு ஷெத்லிக்கு,

ஸலாம். என் கையெழுத்தைப் பார்த்ததும், "யாருடீ இவ, இன்னும் உசுரோட இருக்காளா?" என்று கேட்டிருப்பாய். இருக்கிறேன். கல்யாணமாகிக் கைரவானுக்கு வந்தேன், அவ்வளவுதான். நீ அந்தக் கல்யாணத்துக்கும் வரவில்லை. "மக்ரூது கடைக்காரனுக்காகப் படிப்ப விடுறியே, பைத்தியமாடீ உனக்கு?" என்று விடுதி அறையில் கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவள் நீ. நான் ஒன்றும் மறக்கவில்லை. ஆனால் இப்போது எனக்கு உன் உதவி வேண்டும். அதனால் கோபத்தைத் தள்ளிவைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டின் முன்பக்கம் மக்ரூது இனிப்புக் கடை, பின்பக்கம் அடுப்பு. காலையில் ரவை பிசைவதும் பேரீச்சை அரைப்பதும், மத்தியானத்தில் பொரிப்பதும் தேன்பாகில் முக்குவதும். நோன்பு நெருங்கிவிட்டது, வேலை தலைக்குமேல். இந்த வீட்டில்தான் என் மகன் கைஸ் வளர்கிறான். நாலு வயது. பசி அவனை விடவே மாட்டேன் என்கிறது, ஷெத்லி. சும்மா தீனி ஆசை இல்லை. சாப்பிட்டு எழுந்த கையோடு, "உம்மா, அடுத்த சாப்பாடு எப்ப?" என்பான். பச்சை மாவைத் தின்றான். எண்ணெய் வடித்த காகிதத்தை நக்கினான். போன வாரம் கோழிக்கூண்டுக்குள் தவழ்ந்துபோய்த் தவிட்டை அள்ளித் தின்றான். இரண்டடி நடந்தால் மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பு ஊதிவிட்டது. அவ்வளவு பாசக்காரப் பிள்ளை, வருகிறவர்கள் கையையெல்லாம் முத்தமிடுவான். முத்தமிட்டுவிட்டு அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பான்.

சமையலறைக்குப் பூட்டுப் போட்டேன். வேறு வழி தெரியவில்லை. அதுதான் என் குற்றம். நோன்பு வேலைக்கு உதவ ஸூஸிலிருந்து வந்திருக்கும் என் நாத்தனார் ஹெதியா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்: "மக்ரூது வீட்டுப் புள்ளையத் தவிடு திங்க வெச்சிருக்கா. இவளெல்லாம் ஒரு தாயா?" என் வீட்டுக்காரர் முன்ஸிஃப் கெட்டவர் இல்லை. ஆனால் அக்கா வார்த்தை அவருக்கு வேதம். போன வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டார்: "நோய்னா நோய்னு ஒரு காகிதத்தக் காட்டு. இல்லேன்னா பெருநாளைக்கு அப்புறம் புள்ள அக்கா வீட்டுல வளரட்டும்." ஹெதியாவுக்குப் பிள்ளை இல்லை. வருகிறபோதெல்லாம் கைஸைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள்.

இங்கே ஒரு சின்ன வயது டாக்டர் இருக்கிறார். பிறவியிலேயே வரும் ஒரு நோயாக இருக்கலாம் என்றும், அதைச் சோதிப்பது தூனிஸில் உங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில்தான் என்றும் சொன்னார். உன் பெயரை அவரே சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ரத்தம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். தூனிஸுக்கு லுவாஜ் வாடகை வண்டி ஓட்டும் லஸ்ஹரிடம் கொடுத்து அனுப்புகிறேன். மற்ற பயணிகளுக்கு நடுவில் உடைந்துவிடாமல் இருக்க ஹரிஸ்ஸா மிளகாய் விழுது டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். கழுவித்தான் வைத்தேன், முகத்தைச் சுளிக்காதே.

ஃபோன் பண்ணாதே. ஃபோன் கடையில் இருக்கிறது. ஹெதியாவின் காதும் அங்கேதான் இருக்கிறது. கடிதமாகவே எழுது.

என் பிள்ளையை என்னிடமே இருக்க விடச் சொல்லும் காகிதத்தைத் தேடிக் கொடு, ஷெத்லி.

உன் பழைய அறைத்தோழி,
எம்னா

*

தூனிஸ்
11 அக்டோபர் 2004

அடி எம்னா,

ஹரிஸ்ஸா டப்பா பத்திரமாக வந்து சேர்ந்தது. எங்கள் ஆய்வுக்கூடம் முழுக்க மிளகாய் வாசனை. "யார் வீட்டுச் சாப்பாடு?" என்று மூன்று பேர் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள்.

கல்யாணத்துக்கு நான் வராதது தப்புதான். வாய்க்கொழுப்பு. அதற்காக என்னை நேரில் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது கைஸுக்கு என்ன பார்க்கப்போகிறேன் என்று சொல்கிறேன். நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் டி.என்.ஏ. இருக்கிறது, இல்லையா? அதில் ஒரு குறிப்பிட்ட இடம் எல்லோருக்கும் இரண்டு பிரதியாக இருக்கும். ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. இரண்டிலும் எழுத்து ஒன்றுதான். ஆனால் அம்மா தந்த பிரதியின்மேல் மீதைல் என்ற ஒரு துளி வேதிப்பொருள் ஒட்டிக்கொண்டிருக்கும். அது ஒட்டினால் அந்தப் பிரதி அங்கே தூங்கிவிடும். அப்பா பிரதிமேல் ஒட்டாது, வேலை முழுக்க அதுதான் பார்க்கும். உங்கள் டாக்டர் சந்தேகப்படும் நோயில் அந்த அப்பா பிரதியே இருப்பதில்லை. அதனால் வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேராது.

மீதைல் ஒட்டியிருப்பதை எந்தக் கண்ணாடி வைத்தும் பார்க்க முடியாது. அதற்குத்தான் நொதிகள். கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள். எங்களிடம் ஒரு நொதி, மீதைல் ஒட்டிய டி.என்.ஏ.வை மட்டும் வெட்டும். வெட்டியதுபோக முழுசாக நிற்பது அப்பா பிரதி. அது ஒரு கோடாக ஒளிரும். கோடு வந்தால் நோயில்லை. வராவிட்டால் நோய்.

இதற்கு எதிர்மாறாக, மீதைல் ஒட்டாததை மட்டும் வெட்டும் இன்னொரு நொதியும் உண்டு. இரண்டாலும் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். ஆனால் இரண்டாவது, விமானநிலையச் சுங்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருக்கும், அங்கே ஒருவர் கையெழுத்துக்குப் பேனா தேடிக்கொண்டிருப்பார். முதல் நொதியும் அடிமட்டத்தில்தான் இருக்கிறது, சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடிக்கிறோம். இருந்தாலும் உன் பிள்ளைக்கு இல்லாததா? பெருநாளுக்குள் பதில் வரும்.

தைரியமாக இரு. கைஸுக்கு என் முத்தம்.

ஷெத்லியா

*

தூனிஸ்
5 நவம்பர் 2004

என் எம்னா,

ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: கோடு வந்துவிட்டது! பளிச்சென்று வந்தது. அப்பா பிரதி இருக்கிறது. கைஸுக்கு அந்த நோய் இல்லை.

ஆஸ்பத்திரி முத்திரையோடு காகிதம் இத்துடன் வைத்திருக்கிறேன். நோன்பு மாதம், ஆய்வுக்கூடம் மத்தியானமே மூடிவிடுகிறது, இருந்தும் முடித்துவிட்டேன் பார். பிள்ளை கொஞ்சம் தீனிப்பண்டாரம், அவ்வளவுதான். வளர வளரச் சரியாகிவிடும். அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லு, எனக்கு ஒரு டப்பா மக்ரூது அனுப்பு.

பெருநாள் வாழ்த்துகள்.

மகிழ்ச்சியுடன்,
ஷெத்லியா

*

கைரவான்
10 நவம்பர் 2004

டாக்டர் ஷெத்லியா அவர்களுக்கு,

உங்கள் காகிதம் கிடைத்தது. மக்ரூது கேட்டிருந்தீர்கள். லஸ்ஹரிடம் ஒரு கிலோ கொடுத்திருக்கிறேன்.

காகிதத்தை முன்ஸிஃப்தான் பிரித்தார். சத்தமாக வாசித்தார். ஹெதியா எழுந்துபோய்ச் சாவியை என் இடுப்பிலிருந்து எடுத்தாள். ஆமாம், என் இடுப்பிலிருந்து, எல்லோருக்கும் முன்னால். பூட்டைத் திறந்து, "வாடா ராசா, உனக்கு ஒண்ணுமில்லையாம். உங்க உம்மாவுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு" என்று சொல்லி ஒரு தட்டு மக்ரூதை அவன் முன்னால் வைத்தாள். அவன் என்னைப் பார்த்தான். சாப்பிடலாமா என்று என்னைத்தான் பார்த்தான். நான் தலையாட்டவில்லை. அவன் சாப்பிட்டான். தட்டு காலியானதும் அடுத்த தட்டைக் கேட்டான். அப்போதும் அந்த வீட்டில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

பெருநாள் முடிந்ததும் ஸூஸுக்குப் போகிறான். துணியெல்லாம் மடித்துவைத்துவிட்டாள்.

கோடு வந்தது என்று துள்ளிக் குதித்து எழுதியிருக்கிறாய். உனக்கு அது நல்ல செய்தி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? பிறந்தபோது அவன் எப்படி இருந்தான் தெரியுமா? துணிப்பொம்மை மாதிரி கிடந்தான். அழத் தெம்பில்லை. மார்பில் வாய் வைத்து உறிஞ்சத் தெரியவில்லை. பஞ்சில் பாலை நனைத்து நனைத்து வாயில் பிழிந்து வளர்த்தேன். குடிக்க மாட்டேன் என்று கிடந்த பிள்ளை இரண்டு வயதுக்குமேல் திடீரென்று நிறுத்தாமல் தின்கிறான் என்றால், அது தீனிப்பண்டாரத்தனமா? உன் கத்தரிக்கோலுக்கு எது தெரியுமோ தெரியாது. எனக்கு என் பிள்ளையைத் தெரியும்.

இனி எழுத வேண்டாம்.

எம்னா

*

தூனிஸ்
26 நவம்பர் 2004

எம்னா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போட்டாலும் சரி, வாசித்துவிட்டுக் கிழி.

நீ சொன்னது சரி. நான் தப்புச் செய்துவிட்டேன்.

பிறந்தபோது துணிப்பொம்மை மாதிரி கிடந்தான் என்று எழுதியிருந்தாய். அந்த நோயின் முதல் அடையாளமே அதுதான். அதை நான்தான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் சோதனைக் குழாயை மட்டும் பார்த்தேன்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. புதிய பிள்ளையின் டி.என்.ஏ.வைச் சோதிக்கும்போது, நோய் உறுதியான ஒருவரின் டி.என்.ஏ.வையும் பக்கத்தில் வைத்தே சோதிக்க வேண்டும். அவருக்குக் கோடு வரக்கூடாது. வராவிட்டால்தான் நொதி ஒழுங்காக வெட்டியிருக்கிறது என்று அர்த்தம். நொதியை மிச்சம் பிடிக்கிறேன் என்று அந்த ஒரு குழாயை விட்டுவிட்டேன். உன் கடிதம் வந்த மறுநாள் அதையும் வைத்து மறுபடி செய்தேன். நோய் உறுதியான ஒரு பெண்பிள்ளைக்கும் கோடு வந்தது, பளிச்சென்று. நொதி எதையுமே வெட்டவில்லை, எம்னா. வெட்டுப்படாத அம்மா பிரதியே எல்லோருக்கும் கோடாக வரும்.

அந்த நொதிக்கு இன்னொரு மருந்தைக் கூடவே ஊற்ற வேண்டும். அது இல்லாவிட்டால் கூலி கொடுக்காத வேலையாள் மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும். அந்த மருந்துக் குழாய் கோடையில் மின்சாரம் போனபோது உருகி, மறுபடி உறைந்து, கெட்டுப்போயிருக்கிறது. பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். எங்கள் பேராசிரியரிடம் சொன்னேன். "குடுத்த காகிதத்தத் திரும்ப வாங்கினா இந்த லேபோட பேரு என்னாகும்னு யோசிச்சியா?" என்றார். "திரும்ப வாங்கலேன்னா அந்தப் புள்ள என்னாவான் சார்?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்துவிட்டு, "புது மருந்து போட்டுப் பாரு. ரெண்டாவது நொதியாலயும் பாரு. ரெண்டும் ஒண்ணாச் சொன்னா நானும் கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

இரண்டாவது நொதிக்கு எங்கே போக? மொனாஸ்தீரில் எனக்குத் தெரிந்த ஒருத்தி வைத்திருந்தாள். ரயிலேறிப் போனேன். அவள் அதை ஐஸோடு ஒரு காப்பி ஃபிளாஸ்கில் போட்டுக் கொடுத்தாள். திரும்பி வரும்போது பக்கத்து இருக்கை அம்மாள் விடவேயில்லை. "ஒரு வாய் காப்பி ஊத்தேன்மா, தலை வலிக்குது. இப்படிக் கட்டிப்புடிச்சு வெச்சிருக்கியே, கஞ்சப் பிசினாறி" என்றாள். தூனிஸ் வரும்வரை என்னோடு பேசவில்லை.

கைஸின் டி.என்.ஏ. மிச்சமிருந்தது. அவனுடையது, அந்தப் பெண்பிள்ளையினுடையது, என்னுடையது, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். புது மருந்து ஊற்றியதும் முதல் நொதி வேலை செய்தது. எனக்குக் கோடு வந்தது. அவர்கள் இருவருக்கும் வரவில்லை. இரண்டாவது நொதி அப்பா பிரதியை வெட்டிக் காட்டும், ஆரோக்கியமானவர்களுக்கு வெட்டுப்பட்ட அப்பா பிரதி ஒன்று, முழுசான அம்மா பிரதி ஒன்று என்று இரண்டு கோடு வர வேண்டும். எனக்கு இரண்டு. அவர்கள் இருவருக்கும் ஒன்றுதான். இந்த முறை சந்தேகமே இல்லை. அவனுக்கு அந்த நோய் இருக்கிறது. நீ சொன்னதுதான் உண்மை.

பழைய காகிதம் செல்லாது என்று எழுதி, புதிய காகிதத்தில் நானும் பேராசிரியரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். முன்ஸிஃபிடம் காட்டும்போது ஒன்று சொல்லு. அப்பா பிரதி இல்லை என்றால் அப்பா செய்த குற்றம் என்று அர்த்தமில்லை. கரு உருவாகும்போது தற்செயலாக விட்டுப்போவது. அவரும் ஒன்றும் செய்யவில்லை, நீயும் ஒன்றும் செய்யவில்லை. ஹெதியாவுக்குக் கேட்கிற மாதிரி இதைச் சத்தமாக வாசி.

இன்னொரு சீட்டும் வைத்திருக்கிறேன். இந்த நோய்க்கென்றே இங்கே இருக்கும் குழந்தை மருத்துவர் எழுதியது. வளர்ச்சிக்கு ஊசி உண்டு, சீக்கிரம் ஆரம்பித்தால் உடம்பு உறுதியாகும், நன்றாக நடப்பான், படிப்பான். சீட்டின் முதல் வரியை மட்டும் இங்கே எழுதுகிறேன்: "உணவு இருக்கும் எல்லா இடங்களும் எப்போதும் பூட்டியிருக்க வேண்டும்." மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மருந்தை நீ யாரும் சொல்லாமலே கொடுத்துக்கொண்டிருந்தாய்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஷெத்லியா

*

தூனிஸ்
8 டிசம்பர் 2004

எம்னா,

பதில் வரவில்லை. கடையில் யார் எடுத்தாலும் பரவாயில்லை என்று ஃபோன் பண்ணினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. லஸ்ஹரைப் பிடித்துக் கேட்டேன். "கடை சாத்திக் கெடக்கு டாக்டரம்மா. மக்ரூது கடையச் சாத்தி நான் பாத்ததேயில்ல" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

என்னோடு பேச வேண்டாம். கைஸ் எங்கே இருக்கிறான்? அதை மட்டும் ஒரு வரி எழுதிப் போடு.

ஷெத்லியா

*

கைரவான்
20 டிசம்பர் 2004

அடி ஷெத்லி,

என்னிடம் இருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனி நீ மூச்சு விடலாம்.

பெருநாளுக்கு மறுநாள் அவனை ஸூஸுக்குக் கூட்டிப்போனார்கள். நான் வாசலில் நின்றேன், அழவில்லை. அழுதால் ஹெதியா பார்ப்பாளே என்ற வைராக்கியம்தான். பத்துப் பதினைந்து நாள் ஓடியது. ஒருநாள் கடை ஃபோன் அடித்தது. ஹெதியாதான். என் பெயர் சொல்லி அவள் என்னை அழைத்ததேயில்லை. அன்று, "எம்னா, எம்னா, உடனே வாம்மா. எனக்குப் பயமா இருக்கு" என்று அழுதாள். பெருநாள் பலகாரம் முழுக்க அவன் தின்று தீர்த்திருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுத்ததையும் தின்றிருக்கிறான். கடைசியில் வேகாத ரவை மாவைத் தின்று வயிறு பானையாக வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முன்ஸிஃப் கடையைச் சாத்தினார். நாங்கள் ஓடினோம். பிள்ளை பிழைத்தான். நல்ல வேளை என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு அனுப்பும்வரை நாங்கள் மூன்று பேரும் அங்கேயே கிடந்தோம்.

ஹெதியாவின் வீட்டுக்குத் துணி எடுக்கப் போனேன். அவள் சமையலறைக் கதவில் ஒரு பூட்டுத் தொங்கியது. என் பூட்டைவிட இரண்டு மடங்கு பெரிது. நான் பூட்டைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள். அவளைத் திட்டுவதற்காக எத்தனை வசனம் சேர்த்து வைத்திருந்தேன் தெரியுமா? ஒன்றுகூடப் பேசவில்லை. அவளும் பிள்ளைக்கு ஏங்கியவள்தானே.

திரும்பி வந்தால் சாத்திய கடைக் கதவின் அடியில் உன் இரண்டு கடிதங்களும் கிடந்தன. முன்ஸிஃப்தான் குனிந்து எடுத்தார். "நீயே வாசி" என்று என் கையில் கொடுத்தார். எல்லாவற்றையும் வாசித்தேன், ரயில் காப்பி உட்பட. அப்பா பிரதி இல்லை என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "என்னோடதா விட்டுப்போச்சு?" என்றார். "யார் தப்பும் இல்லைங்க. ஷெத்லி எழுதியிருக்கா, பாருங்க" என்றேன். "அவ மொதல்லயும் ஒண்ணு எழுதினாளே" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. நான் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் வைத்தேன். "மொத காகிதத்துல நோயில்லன்னு எழுதினா. இதுல தான் பண்ணின தப்ப முத்திரையோட எழுதியிருக்கா. எத நம்புவீங்க?" என்றேன். அவர் மருத்துவரின் சீட்டை எடுத்து அந்த முதல் வரியை இரண்டு மூன்று தரம் வாசித்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். செருப்புக்கூடப் போடவில்லை.

நான் பயந்துதான் போனேன். மத்தியானம் திரும்பி வந்தார், கொத்தனாரோடு. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த வாசலைச் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னார். மக்ரூது அடுப்பு, கொப்பரை, பாகுச்சட்டி எல்லாம் கடைப் பக்கம் போய்விட்டன. கடைக்குப் போக இனி தெருவைச் சுற்றித்தான் போக வேண்டும். அவர் அப்பா காலத்திலிருந்து இருந்த வாசல், ஷெத்லி. எங்கள் வீட்டில் இப்போது பாகு வாசனை இல்லை. சமையலறைப் பூட்டுக்கு இரண்டு சாவி செய்துவந்தார். ஒன்றைத் தன் கையாலேயே என் இடுப்பில் செருகினார்.

அன்று இரவு கைஸுக்கு மருத்துவர் சொன்ன அளவுச் சாப்பாட்டைச் சின்னத் தட்டில் வைத்தேன். முன்ஸிஃப் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கமான பெரிய தட்டை எடுத்தேன். "வேணாம். அவனுக்கு வெச்ச மாதிரியே எனக்கும் வை" என்றார். இருவரும் ஒரே அளவு சாப்பிட்டார்கள். கைஸ் அவர் தட்டை எட்டிப்பார்த்தான், தன் தட்டைப் பார்த்தான். "வாப்பாவுக்கும் தீந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டான். அடுத்த சாப்பாடு எப்போது என்று கேட்கவில்லை. கால் மணி நேரம் கழித்துக் கேட்டான் என்பது வேறு விஷயம். நான் சமையலறைக்குப் போய் நன்றாக அழுதேன்.

தினமும் இப்படித்தான் நடக்கிறது. மக்ரூது கடைக்காரர் இளைத்துவிட்டார் என்று தெருவே கேலி பேசுகிறது. ஊசிக்கு ஜனவரியில் தூனிஸுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். அதைக் கடிதத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு தப்பிக்கலாம் என்று பார்க்காதே. கல்யாணத்துக்கு வராத கணக்கும் பாக்கி இருக்கிறது. ஜனவரிக்கு முன்னால் ஒருதரம் இங்கே வா. வந்து கைஸைப் பார், குழாயைப் பார்த்தது போதும். வரும்போது தின்பதற்கு ஒன்றும் கொண்டுவராதே. ஒரு நல்ல பூட்டு வாங்கிவா, கோழிக்கூண்டுக்கு. அதை மட்டும் இன்னும் கயிறு போட்டுத்தான் கட்டியிருக்கிறேன்.

பூட்டோடு இரண்டு சாவி வரும். ஒன்று எனக்கு. இன்னொன்றை நீயே வைத்துக்கொள்.

உன்,
எம்னா